எழுதாமல் விட்ட பதினொரு பெயர்கள்

தொண்ணூறுகளில் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே ஒரு ரேடியோதான். பேராசைக்காரன் கடைசியில் வெறுங்கையோடு போவதைப் பாடும் பாட்டொன்று எல்லோருக்கும் உயிர். அதைப் போடச் சொல்லி வானொலி நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதும் பொறுப்பு, படித்த பெண் என்று என்னிடம் வந்தது. பதினொரு பேர் ஆசையாகப் பெயர் தந்தார்கள். நானோ என் பெயரை மட்டும் எழுதிப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெயரை வாசித்தார்கள். லயமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அடுத்த பெயர் வரவில்லை, பாட்டு வந்துவிட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா தோளைத் தட்டினார்.

"எங்க பேரையெல்லாம் வாசிக்க நேரமில்லாமப் போயிருக்கும். ஒம் பேராவது வந்துச்சே புள்ள!"

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், அந்தப் பதினொரு பெயர்களையும் மெல்லச் சொல்லிக்கொள்கிறேன், செல்லம்மாக்காவிலிருந்து தொடங்கி.