சுந்தோ வேகாத கூரை

எங்கள் வரிசையில் முப்பத்தொரு வீடுகள். முப்பத்தொன்றுக்கும் தகரக் கூரை. நிலத்துக்குப் பட்டா கிடையாது. கான்கிரீட் போட்டால் இடிக்க வண்டி வரும். தகரம் போட்டால் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். ஏற்கெனவே வெந்துகொண்டிருப்பவனைத் தனியாக வேறு இடிப்பானேன் என்ற கருணையாக இருக்கலாம்.

கடைசி வீடு ஜீவிபென்னுடையது. பதினைந்து வயதில் தாஹோதிலிருந்து அகமதாபாத்துக்கு வந்தவள், முப்பது வருஷமாகத் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல், மணல், கலவை என்று எல்லாம் சுமந்துவிட்டாள். சாலைக்கு எதிரே நிற்கும் பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்கும் அவள்தான் சுமந்தாள். இன்று அதன் வாசலில் காவலாளி அவளை உள்ளே விடமாட்டான். ஆனால் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நூற்றுச் சொச்சம் ஏசிப் பெட்டிகளும் ஊதுகிற அனல் எந்தக் காவலாளியையும் கேட்காமல் நேராக எங்கள் வரிசைக்கு வந்துவிடும்.

"அவங்க ஜலதோஷம் பிடிச்சு தும்முறாங்க, நமக்குக் காய்ச்சல் வருது" என்பாள் ஜீவிபென்.

அவளுக்கு ஒரே மகள் நயனா. கட்டிக்கொடுத்தது நடியாத் ஊரில், மாடி வைத்த வீட்டில். ஏப்ரலில் சீமந்தம் நடந்தது. வளையல் அடுக்கி, மடியில் அரிசியும் தேங்காயும் நிரப்பி, தலைப்பிரசவத்துக்கு அன்றே மகளை அழைத்து வருவதுதான் முறை. ஜீவிபென் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, வாடகை ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

நயனாவின் மாமியார் கமுபென் நடுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மருமக உங்க வீட்டுக்குப் புள்ள பெக்க வரணும், அப்பளமா காய வரக்கூடாது. அந்தத் தகரத்துக்கு அடியில மே மாசம் படுத்தா புள்ள வெந்துதான் பொறக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். நயனா மட்டும் மடியில் இருந்த தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீவிபென்னுக்குக் காது சிவந்தது. "ஊருக்கெல்லாம் நிழல் கட்டிக் குடுத்தவ நான். எம் பொண்ணுக்கு ஒரு நிழல் பண்ண மாட்டேனா?"

"பண்ணுங்களேன், யார் வேணாங்கறா? அட்சய திருதியை அன்னிக்கு மத்தியானம் சாப்பிட வர்றேன். சாப்பிட்டு எந்திரிக்கறவரைக்கும் என் நெத்தியில ஒரு சொட்டு வேர்வை வரக்கூடாது. வரலைன்னா பொண்ணு உங்க வீட்டுக்கு."

ஆட்டோவில் ஜீவிபென் தனியாகத் திரும்பினாள். பக்கத்து இருக்கை காலி. ஆட்டோக்காரன் வாங்கியதோ இரண்டு ஆள் வாடகை.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. கறுப்பு வெயிலை விழுங்கும், வெள்ளை வெயிலைத் துப்பும். பரீட்சையில் அதை மாற்றி எழுதி முட்டை வாங்கியவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். ஜீவிபென் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்குப் பாடம் சொன்னது அவளுடைய பாதம். செருப்பில்லாமல் முப்பது வருஷம் மொட்டைமாடிகளில் நடந்திருக்கிறாள். எந்தத் தளத்தில் கால் பொரியும், உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லு பதித்த எந்தத் தளத்தில் உச்சி வெயிலிலும் நின்று பீடி குடிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆம், பீடி. மேஸ்திரிக்குத் தெரியாமல்.

தகரத்தில் ஓட்டுச் சில்லு பதிக்க முடியாது. ஆனால் வெள்ளை பூசலாமே!

மறுநாளே ஏணி போட்டு ஏறினாள். கூரைமேல் கிடந்ததையெல்லாம் கீழே தள்ளினாள். தள்ளுவண்டி ஓட்டும் அவள் புருஷன் கனுபாய் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நயனா அம்மா! அது என் டயரு!"

"நயனா பொறந்த வருஷம் மேல போட்டது. இன்னும் உங்க வண்டிக்குப் பொருந்தலையே."

செங்கல் துண்டால் துருவைத் தேய்த்தாள். சுண்ணாம்பை மூன்று நாள் ஊறவைத்துப் பழைய சேலையில் வடிகட்டி, வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்து, விளக்குமாற்றால் இரண்டு பூச்சு பூசினாள். பிறகு கூரைக்கு அடியில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டிரண்டு செங்கல்லை உருவி எடுத்தாள். காற்றும் சம்பந்தி மாதிரிதான். போவதற்கு வழி வைத்தால்தான் வரும் என்பது அவள் கட்சி.

வரிசையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுச் சம்பாபென் இடுப்பில் கை வைத்துக் கத்தினாள்: "அடி ஜீவி, புருஷன் உசுரோட இருக்கறப்பவே கூரைக்கு வெள்ளைச் சேலை கட்டிட்டியே!"

கனுபாய் அவசரமாகத் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சம்பாபென்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாங்காயைத் துருவி, சர்க்கரையும் மஞ்சளும் போட்டு, அடுப்பே பற்றவைக்காமல் வெயிலிலேயே வேகவைக்கும் சுந்தோ ஊறுகாயில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இருபது வருஷமாக அவள் பாத்திரம் உட்காரும் இடம் ஜீவிபென்னின் கூரை. கடைசி வீடு என்பதால் கண்ணாடிக் கட்டடத்தின் நிழல் அங்கே விழாது. மேலே சூரியன், கீழே கொதிக்கும் தகரம். ஐந்தாம் நாள் சர்க்கரை கம்பிப் பதத்துக்கு வந்துவிடும். பூச்சு காய்ந்ததுமே, யாரையும் கேட்காமல், துணியால் வாய் கட்டிய பாத்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். வெள்ளைச் சேலை என்று திட்டியதெல்லாம் வேறு கணக்கு.

அட்சய திருதியை வந்தது. கமுபென் பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினாள். பூரி, மாம்பழச் சாறு, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்ட மோர்க்குழம்பு. மின்விசிறி சுற்றியது. கமுபென் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள், மூன்றாவது பூரியை எடுத்தாள். ஜீவிபென்னுக்கு மூச்சு வந்தது.

அப்போது மின்சாரம் போனது.

விசிறி மெல்லச் சுற்றி நின்றது. சுவர் ஓட்டை வழியாகக் காற்று வரத்தான் செய்தது. ஆனாலும் நாலாவது பூரி முடிகிற நேரம் கமுபென்னின் புருவத்துக்கு மேலே ஒரு சொட்டு மினுங்கியது. அதை ஜீவிபென் பார்த்தாள். கனுபாய் பார்த்தார். கமுபென்னும் விரலால் தொட்டு, விரலைத் திருப்பிக் காட்டினாள்.

"சம்பந்தி, பேச்சுன்னா பேச்சு."

உள்ளே பாய், புதுத் தொட்டில் கயிறு, மகளுக்காகத் துவைத்து மடித்த பழஞ்சேலைகள் எல்லாம் ஜீவிபென்னையே பார்த்தமாதிரி இருந்தது.

படாரென்று கதவு திறந்தது. கையில் கரண்டியோடு சம்பாபென்.

"அடி பாவி ஜீவி! எட்டு நாளுடி! எட்டு நாளா என் சுந்தோ தண்ணியா கெடக்கு! மாங்காய்க்காரனைத் திட்டினேன், சர்க்கரைக்காரனைத் திட்டினேன், என் மருமக கைய வேற திட்டிட்டேன்! கடைசியில பார்த்தா உன் கூரைதான்டி சனியன்! இன்னிக்கு உச்சி வெயில்ல கைய வைக்கறேன், பானை மாதிரி ஜில்லுன்னு கெடக்கு! சுந்தோவ வேகவெக்காத கூரை என்னடி கூரை? தூ!"

ஜீவிபென் கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தி முன்னால் இந்த மானக்கேடும் சேர்ந்துகொண்டதா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

கமுபென்னோ பூரியைக் கீழே வைத்துவிட்டாள். "எட்டு நாளாவா? எங்க மாடியில அஞ்சே நாள்ல கம்பி இழுக்குமே."

"இங்கயும் போன வருஷம் வரைக்கும் அஞ்சு நாள்தான்! கேளுங்க இவளை!"

"ஏணி எங்க?" என்றாள் கமுபென்.

அறுபது வயது, எண்பது கிலோ, வயிற்றில் நாலு பூரி. கனுபாய் ஏணியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். மேலேறிய கமுபென் ஜீவிபென்னின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு கையை நீட்டிச் சம்பாபென்னின் தகரத்தைத் தொட்டாள்.

"அய்யோ அம்மா!"

விரலை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"சர்க்கரையே உருகாத எடத்துல புள்ள எப்படி வேகும்?" என்றாள். "நாளைக்கு வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போங்க."

"அந்த வேர்வை..." என்று கனுபாய் ஆரம்பித்தார். நியாயஸ்தர்.

"அது மோர்க்குழம்பு மொளகா. சும்மா இரும்" என்றாள் கமுபென்.

ஜீவிபென் போய்ச் சம்பாபென் கையில் ஒரு கிண்ணம் மாம்பழச் சாற்றைக் கொடுத்தாள். எதற்கு என்று சம்பாபென்னுக்குப் புரியவில்லை. திட்டினால் சாறு கிடைக்கும் என்று மட்டும் புரிந்தது; அன்றிலிருந்து தினமும் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் வாரம், மழைக்கு முன்னால், நயனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வெள்ளைக் கூரைக்கு அடியில்தான் வந்தது. முகம் பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகவே இல்லை. மத்தியானமெல்லாம் அங்கேயே கால் நீட்டிப் படுத்தார்கள். குழந்தைமேல் அவ்வளவு பாசமாம்.

அடுத்த ஏப்ரலில் ஜீவிபென் விளக்குமாற்றோடு முப்பது கூரையும் ஏறினாள். முதல் கூரை சம்பாபென்னுடையது. ஆனால் ஒரு நிபந்தனை: நடுவில் ஒரு பாத்திரம் உட்காரும் அளவுக்குச் சதுரமாகப் பூசாமல் விடவேண்டும். அதைப் பார்த்து எல்லாரும் ஆளுக்கொரு சதுரம் கேட்டார்கள்.

இப்போது கண்ணாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முப்பத்தொரு வெள்ளைக் கூரை, கடைசி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுத்த தகரச் சதுரம் தெரியும். ஜன்னலில் நின்று போனில் படமெடுக்கிறார்கள். என்ன குறி அது என்று ஒருநாள் ஒரு டை கட்டிய ஆள் இறங்கி வந்தே கேட்டார்.

கூரைமேல் வெறுங்காலோடு, மத்தியானம் ஒரு மணிக்கு, இடுப்பில் பேத்தியோடு நின்றுகொண்டிருந்த ஜீவிபென் மேலிருந்தபடியே சொன்னாள்:

"அங்க சுந்தோ வேகும் சார். மத்த எடத்துல நாங்க இருக்கோம்."