முற்றத்துப் பலாவின் பசி

குழித்துறையில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில், முற்றத்தைப் பார்த்துத்தான் மருமகளை எடைபோடுவார்கள். விடிந்தால் ஓர் இலை கிடக்கக் கூடாது. கிடந்தால் போச்சு. "எனக்க மருமவளுக்குக் கண்ணு தெரியல்ல, கேட்டியளா?" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மாமியார் தொடங்கிவிடுவாள். வாரிய சருகு முழுவதும் நெல் அவிக்கிற அடுப்புக்குப் போகும். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

அந்த முற்றத்தில் ஒரு வருக்கைப் பலா நின்றது. ஆடி மழையில் ஊரே வேலையில்லாமல் சுருண்டு கிடக்கையில் என் மூன்று பிள்ளைகளின் வயிற்றையும் அதுதான் பார்த்துக்கொண்டது. காலையில் பலாக்காய் அவித்த சக்கை, ராத்திரி அதன் கொட்டை போட்ட கஞ்சி. ரப்பர் விலை விழுந்து, மலைத்தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை நின்ற வருஷம் பார்த்து மரமும் கையை விரித்தது. நாலைந்து கோணல் காய், அவ்வளவுதான். மறுவருஷம் அதுவும் இல்லை.

மாமி ஆசாரியை வரவழைத்தாள். அவர் நூல் பிடித்து அளந்து, "நல்ல வைரம் பாய்ஞ்ச தடி. தை பொறந்ததும் வெட்டிரலாம், கதவு நிலைக்கு ஆவும்" என்றார்.

நிலையைக் கடித்துத் தின்ன முடியுமா?

"மாமி, மரத்துக்கு வளம் இல்ல. சாணி, தழை போட்டுப் பாப்போம்" என்றேன்.

"மலங்காட்டுல நிக்க பிலாவுக்கு எவட்டி வளம் வச்சா? அது காய்க்கல்லியா? காய்க்காத சவத்த நிறுத்தி வச்சு என்ன செய்ய?"

அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. நெல் குத்தினால் உலக்கை கையில் நிற்கவில்லை. படுத்தால் பாய் முள்ளாய்க் குத்தியது. மறுநாள் காலை பாதி முற்றம் பெருக்கியவள் வாரியலோடு அப்படியே நின்றுவிட்டேன். அட, காட்டை எவள் பெருக்குகிறாள்? அங்கே விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கி அந்த மரத்துக்கே சோறாகிறது. இங்கே அதன் வாய்ச்சோற்றைத் தினமும் வாரி அடுப்பில் வைத்துவிட்டு, காய் தா, காய் தா என்று நிற்கிறோம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று சருகு அடுப்புக்குப் போகவில்லை. மரத்தின் நிழல் முடிகிற இடத்தில் சுற்றிலும் பள்ளம் தோண்டினேன். மெல்லிய வேரெல்லாம் அங்கேதான் ஓடியது. சருகு, சாணி, சாம்பல், தேங்காப்பட்டணத்து மீன்காரியிடம் கெஞ்சி வாங்கிய மீன் கழிவு, எல்லாவற்றையும் போட்டு மூடினேன். நாற்றம் குடலைப் புரட்டியது.

"ஏட்டி, இது வீடா சந்தையா? லெச்சுமி எப்பிடிட்டி வருவா?"

"மூக்கப் பொத்திட்டு வரட்டும் மாமி. தை வரைக்கும் பொறுங்க."

"நெல்லவிக்க என்னத்த வைப்ப? உனக்க தலையையா?"

ஓலையும் சிரட்டையும் பொறுக்கிக்கொண்டு தென்னை நிற்கிற விளை விளையாக அலைந்தேன். ஆவணி போயிற்று, ஐப்பசி மழையும் போயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் உலை கொதிக்க விட்டுவிட்டு ஓடிப்போய் மரத்தை அண்ணாந்து பார்ப்பேன். மார்கழியில் கிளைகளில் விரல் விரலாகப் பிஞ்சு வந்தது. குதித்தேன். பத்து நாளில் அத்தனையும் கறுத்து உதிர்ந்தது. அது ஆண்பூ, உதிரத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாமி உதிர்ந்ததைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

தை பிறந்தது. அறுப்பு வாளும் வடமுமாக இரண்டு ஆட்களோடு ஆசாரி படலைத் திறந்து உள்ளே வந்தார். கஞ்சிப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மாமி எனக்கு முன்னே மரத்து அடிமூட்டில் குனிந்து நின்றாள். மண்ணை ஒட்டினாற்போல, முள்ளும் பச்சையுமாக ஒரு பிஞ்சு. அதற்கு மேலே கவட்டில் இன்னும் மூன்று. அவள் ஆட்களின் கண் படாமல் முந்தானையால் அதை மூடிக்கொண்டு ஆசாரியைப் பார்த்துக் கத்தினாள்:

"தள்ளி நில்லும் ஓய்! வயித்துப்பிள்ளைக்காரி மேலயா வாள வைக்க வந்தீரு?"