பெட்ரோல் வேனுக்கு டீசல் எஞ்சின் பூட்டிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய படத்தின் கீழே என்ன வாசகம் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். ‘அன்பும் பொறுமையும் நிறைந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணி அதை வாங்கிப் படித்துவிட்டு, “அன்பு சரி. பொறுமைங்கிற இடத்துல பிடிவாதம்னு போடச் சொல்லும்மா. வர்றவங்க எல்லாம் அவரைத் தெரிஞ்சவங்கதானே” என்றார். நினைவு மலரில் அப்படிப் போடும் வழக்கமில்லை என்று அச்சகத்தார் மறுத்துவிட்டார்கள். ஆகவே படத்தின் கீழே பெயர் மட்டும் இருக்கிறது. மீதியை அவருடைய ஒரே தங்கையான நான் எழுதுகிறேன்.

அண்ணன் பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் பெற்றோர் பெரும்பாலும் பிறர் வயலில் உழைத்தவர்கள். வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் படிக்கும் வயதில் அண்ணன் அதை ஒருநாள் முழுவதும் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டினார். எஞ்சின் ஓடியது. ஆனால் கையில் ஒரு போல்ட் மிஞ்சியது. நிலத்துக்காரர் அதைக் காட்டி அதட்டியபோது, கம்பெனிக்காரன் தெரியாமல் கூடுதலாகப் போட்டிருப்பான் என்று அண்ணன் பணிவோடு விளக்கம் சொன்னாராம். அதற்குப் பிறகு அவரை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவதைத் தவிர அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

படித்து முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார். சூளகிரியில் பெண் எடுத்தார். தேன்மொழி என்று ஒரே மகள். தம்பி தங்கை என்று பார்த்தால் நான் ஒருத்திதான். என்னைப் படிக்க வைத்ததும், கட்டிக் கொடுத்ததும், என் கணவர் வேலையில்லாமல் இருந்த காலத்தில் வாரந்தோறும் அரிசியும் பருப்பும் எடுத்து வந்து, கேட்டால் “உங்க அண்ணி தெரியாம ரெண்டு தடவை வாங்கிட்டா” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனதும் அண்ணன்தான். அண்ணி எதையும் இரண்டு தடவை வாங்கக் கூடியவர் அல்லர் என்பது உறவினர்கள் அனைவருக்கும் தெரியும்.

நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் தொழிற்சாலையின் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு வீட்டில் உட்காரும் வயதில்லை. வேறு இடத்தில் வேலை கொடுக்கும் வயதும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் பழைய வேன் ஏலத்துக்கு வந்தது. வெளிநாட்டு எஞ்சினியர்களை பெங்களூர் விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதற்காக எப்போதோ இறக்குமதி செய்த பெரிய வேன் அது. ஒரு கல்யாண கோஷ்டியே உட்காரலாம். அண்ணன் அதைப் பல வருடம் துடைத்துப் பராமரித்தவர். ஏலத்தில் அவரைத் தவிர வேறு யாரும் கை தூக்கவில்லை. அதை அவர் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்.

யாரும் கை தூக்காததன் காரணம் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அது பெட்ரோல் வேன். அதன் தாகம் சாதாரணத் தாகம் இல்லை. கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பெட்ரோல் சற்று மலிவு என்று அண்ணன் அங்கே போய் நிரப்பி வருவார். மிச்சப்படுத்தியதை வேன் திரும்பி வருவதற்குள் குடித்துவிடும். தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு ஆள் ஏற்றிப் பிழைப்பது என்பது அவர் திட்டம். பெட்ரோலில் ஓட்டினால் ஆள் ஏற்ற ஏற்ற நட்டம். விற்றுவிடச் சொன்னார் அண்ணி. அண்ணன் டீசல் எஞ்சின் பூட்டப் போவதாக அறிவித்தார்.

பழைய இரும்பு வியாபாரம் செய்யும் அன்வர் பாய் அவருடைய நெடுநாள் நண்பர். கவிழ்ந்துபோன சின்ன லாரி ஒன்றின் டீசல் எஞ்சினைக் காட்டி, லாரிதான் போயிற்று, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரைவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்று பாய் உறுதி கூறினார். மழைக்காலம்; வீட்டுக்கு முன்னால் நிழல் கிடையாது. நனைந்தால் துரு ஏறும் என்று சொல்லி, நான்கு பேர் கட்டையில் கட்டித் தூக்கிவந்து எஞ்சினை ஹாலின் நடுவே வைத்தார்கள். இடம் போதாமல் டி.வி. சமையலறைக்குப் போனது.

ஒரு வாரத்தில் எடுத்துவிடுவதாகச் சொன்ன எஞ்சின் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. காரணம், அது வேனின் கியர்பாக்ஸோடு சேரவில்லை. இரண்டிலும் போல்ட் துளைகள் வேறு வேறு இடத்தில். அண்ணன் தினமும் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அண்ணி அதைச் சுற்றிக் கோலம் போடாத குறை. ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வைத்தார், அதுவும் அது சீக்கிரம் கிளம்பட்டும் என்று வேண்டிக்கொண்டு.

எஞ்சின் ஹாலில் இருக்கும்போதே தேன்மொழியைப் பெண் பார்க்க வருவதாகக் கெலமங்கலத்திலிருந்து தகவல் வந்தது. நல்ல குடும்பம், பையன் பெங்களூரில் வேலையில் இருந்தான். எஞ்சினை ஒருநாளாவது வெளியே வைக்கச் சொல்லி அண்ணி அழுதார். தூக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அதன்மேல் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போர்த்தி, மேலே பூச்சாடி வைத்தோம். பார்க்க ஏதோ சமாதி போல இருந்தது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பையனின் தகப்பனார், இன்றைய எங்கள் சம்பந்தி, ஆள் நல்ல உயரம், அதிகம் பேசாதவர். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். பிறகு எழுந்து பூச்சாடியைக் கீழே வைத்து விரிப்பைத் தூக்கினார். அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி குனிந்து சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் சேரலையா?” என்றார்.

“துளை ஒத்துவரலைங்க” என்றார் அண்ணன்.

“நடுவுல ஒரு பிளேட்டு குடுக்கணும். நம்ம பட்டறையில லேத்து இருக்கு. அளவு எடுத்துக்கறேன்.”

அவர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இருவரும் தரையில் உட்கார்ந்து அளவெடுக்கத் தொடங்கினார்கள். தேன்மொழி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். யாரும் நிமிரவில்லை. கை வலித்ததால் தட்டை எஞ்சின் மேலேயே வைத்துவிட்டாள். பையன் சிரித்தான், அவளும் சிரித்தாள். பெண் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அளவெடுத்து முடிந்தபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சம்பந்தி செய்து கொடுத்த இரும்பு பிளேட்டில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தன. ஆனால் டீசல் எஞ்சின் உயரம் அதிகம். அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஆகவே முன் சீட்டை ஒரு முழம் தூக்க வேண்டியதாயிற்று. அண்ணன் ஓட்டும்போது தலை கூரையில் இடிக்கும் என்று கழுத்தைச் சாய்த்து உட்காருவார். எதிரே வருகிறவர்கள் தங்களுக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பதில் வணக்கம் சொல்வார்கள். ஓசூரில் அவருக்கு அவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள், காரணம் இதுதான்.

எஞ்சின் மாற்றியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி காட்டிப் பதிவு செய்ய வேண்டும். வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி முன் சீட்டில் ஏறி அமர்ந்து காகிதங்களை எல்லாம் நிதானமாகப் படித்தார். பிறகு எஞ்சின் எங்கே என்று கேட்டார். அண்ணன் தயங்கி, “சார், நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க” என்றார். அதிகாரிக்கும் அதற்குள் சூடு தெரிந்திருக்க வேண்டும். உடனே இறங்கிவிட்டார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் சரிபார்த்து அனுமதி கொடுத்தார்.

கல்யாணம் ஓசூர் மண்டபத்தில். மாப்பிள்ளையைக் கெலமங்கலத்திலிருந்து தன்னுடைய வேனில்தான் அழைத்துவருவேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். பெண்ணின் தகப்பன் டிரைவராகப் போவது அழகில்லை என்று எல்லோரும் சொன்னோம். பட்டு வேட்டியோடு விடியலில் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை, சம்பந்தி, பெரியவர்கள் சிலர் ஏறினார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள்.

வழியில் டீசல் போட ஒரு பங்க்கில் நிறுத்தினார்கள். அண்ணனும் சம்பந்தியும் எஞ்சின் சத்தத்தின் அருமை பற்றிப் பேசிக்கொண்டே இறங்கி நின்றார்கள். பங்க் ஊழியருக்கு அந்த வேன் கம்பெனி காலத்திலிருந்தே பழக்கம். எஞ்சின் மாறியது அவருக்குத் தெரியாது. கேட்காமலே, அன்போடு, டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுவிட்டார்.

சற்றுத் தூரம் ஓடிய வேன், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் போட்டு நின்றது. இரண்டு பக்கமும் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள்; வேறு வீடு வாசல் கிடையாது. பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்கள். டாங்க்கைக் காலி செய்து டீசல் ஊற்றி, குழாய்களில் புகுந்த காற்றை வெளியே எடுத்தால்தான் கிளம்பும். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பெங்களூருக்கு ரோஜாப் பூ ஏற்றிப் போகும் வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவர் கன்னடக்காரர். விஷயத்தைக் கேட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, “பன்னி, பன்னி” என்று கையைக் காட்டினார். கன்னடத்தில் அதற்கு ‘வாருங்கள்’ என்று பொருள். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையைத் திட்டுவதாக நினைத்துச் சண்டைக்குப் போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்து, மாப்பிள்ளையை முன்னால் ஏற்றி, பெரியவர்களைப் பூப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். அண்ணன் மட்டும் ஏறவில்லை. இதோ கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றார். ஏலம் எடுத்த நாளிலிருந்து அவரை நம்பாதவர்கள் முன்னால் அந்த வேனில்தான் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

சம்பந்தி அண்ணிக்குப் போன் போட்டு, போனை அண்ணன் காதில் வைத்தார். நான் அண்ணிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

“தாலி கட்டறது மாப்பிள்ளை. தாரை வார்க்கறது நீங்க. எஞ்சினுக்கு இங்க வேலை இல்லை. வாங்க” என்றார்.

அண்ணன் வேனைப் பூட்டிவிட்டு ரோஜாப் பெட்டி மேல் ஏறிக்கொண்டார்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தார்கள். தாரை வார்க்கும்போது அண்ணி ஊற்றிய தண்ணீர் அண்ணன் கையிலிருந்து கருப்பாக வழிந்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் சொட்டியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். “அது கிரீஸ். கழுவினாலும் போகாது. நீங்க சொல்லுங்க” என்று சம்பந்தி தன் கருத்த கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டார். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்க முகமும் கருப்பானது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் தேன்மொழி யாருக்கும் காட்டாமல் விட்டதில்லை.

அதன்பிறகு வேன் சரியாகி, கெலமங்கலத்திலிருந்து பெண் தொழிலாளர்களை ஷிப்டுக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கியது. சத்தம் அதிகம், ஆட்டம் அதிகம். ஆனாலும் பெண்கள் வேறு வண்டிக்குப் போகவில்லை. எஞ்சின் மூடி மேல் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கி வைத்தால் கம்பெனி வாசலில் இறங்கும்போது சோறு சுடச்சுட இருக்கும். சாம்பார் கொதித்து மூடி திறந்துகொண்ட நாட்களும் உண்டு. யாராவது வரத் தாமதமானால் அண்ணன் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் நிற்பார். ஹாரன் அடிக்க வேண்டியதில்லை, வேன் வந்தது தெருவுக்கே தெரியும்.

இடையில் இருதயத்தில் கோளாறு வந்தது. பரிசோதித்த டாக்டர் வால்வு கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நாங்கள் கலங்கிப் போனோம். அண்ணன் மட்டும், “எந்த வண்டியிலிருந்து எடுத்துப் போடுவீங்க டாக்டர்?” என்று கேட்டார். டாக்டர் முகம் மாறாமல், “புதுசுங்க. டப்பாவே பிரிக்காதது” என்றார். அண்ணனுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. வால்வு மாற்றிய பிறகும் சில வருடங்கள் வேன் ஓட்டினார்.

கடைசியில் வந்தது சாதாரணக் காய்ச்சலாகத்தான் தோன்றியது. கிருஷ்ணகிரியில் மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சு வாங்கியது. நான் பக்கத்தில் இருந்தபோது வண்டியை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார். சம்பந்தி என்றேன். “அவரு உயரம். தலையை இடிச்சுக்கப் போறாரு. பாத்து ஓட்டச் சொல்லு” என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலை எங்களைப் பிரிந்தார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, காலை ஷிப்டுப் பெண்கள் சீருடையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வேலைக்கே அனுப்ப மாட்டேன்னாரு எங்கப்பா. அண்ணன் வந்து பேசினாரு. அந்த வேன்ல போறதா இருந்தா போன்னு விட்டாரு” என்றாள். எங்களுக்கு அதுவரை தெரியாத செய்தி அது. அண்ணன் எங்களிடம் எஞ்சினைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்.

காரியம் முடிந்த பிறகு வேனை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அன்வர் பாய் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். முதல் நாளிலிருந்து விற்கச் சொன்ன அண்ணியே வேண்டாம் என்றார். தானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ளைங்க வேற எந்த வண்டியில போவாங்க?” என்றார்.

சம்பந்திதான் கற்றுக்கொடுத்தார். சிப்காட் பின்புறத்துக் காலி மனைகளில் எத்தனையோ வேலிக் கற்கள் சாய்ந்தன. லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

அண்ணனின் நோயிலும் மறைவிலும் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஷிப்டு ஒருநாள்கூட நிற்காமல் பார்த்துக்கொண்ட சம்பந்திக்கும், இறுதி ஊர்வலத்தில் முன்னால் நின்று தோள் கொடுத்த அன்வர் பாய்க்கும், மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், சீருடையோடு வந்து நின்ற அந்தப் பெண்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட ரோஜா வண்டிக்காரருக்கும் எங்கள் வணக்கம்.

இன்று சாப்பாடு முடிந்ததும் உறவினர்களைப் பஸ் ஸ்டாண்டில் விட வேன் தயாராக இருக்கும். அண்ணிதான் ஓட்டுவார். கிளம்பும்போது வண்டி ஒரு குதி குதிக்கும். யாரும் பயந்து கீழே இறங்கிவிட வேண்டாம். அண்ணன் ஓட்டியபோதும் அது அப்படித்தான் குதித்தது. அவர் மனம் நோகக் கூடாதென்று நாங்கள்தான் ஒருவரும் சொல்லவில்லை.