மூன்று அளவுப் பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நூல்மில் தொழிலாளி. புருவத்தில் பஞ்சு, மடியில் சொந்தமாகச் செய்த ஸ்பீக்கர் பெட்டி. பஸ் உறுமும்போதெல்லாம் பெட்டியின் பலகையில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்ப்பார்.

"சதுரமா செஞ்சிருந்தா சீட்டுக்கடியில போயிருக்கும்ல?" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார்.

"உயரம், அகலம், ஆழம் மூணும் ஒரே அளவா இருந்தா, உள்ள ஒரே சத்தம் மட்டும் தூக்கலா நின்னு இரையும் அண்ணாச்சி."

"லேசா இரைஞ்சா என்ன?" என்றேன் நான்.

சட்டென்று திரும்பினார். "நாள் பூரா மில்லுல ஒரே இரைச்சலக் கேக்கேன் சார். அது சம்பளத்துக்கு. என் வீட்டுப் பாட்டுக்குள்ளயும் அது வந்து உக்காரணுமோ? விடமாட்டேன்."

"லக்கேஜ் டிக்கெட் போடணும்" என்றார் கண்டக்டர்.

"வேணும்னா ரெண்டு டிக்கெட்டாவே போடுங்க."

அவர் இறங்கிய பிறகுதான் அந்த பஸ் எவ்வளவு இரைகிறது என்பதே எனக்குக் கேட்டது.