தேசிக்காய் நசியாத காலையும் சித்தப்பாவின் ஆமையும்

பெற்றோல் மணம், சந்தன மணம், ஈரக் கம்பளி மணம்… மூன்றும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். அதுதான் என் கலியாண நாளின் மணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபறோவில், வோபர்ன் பக்கத்து அப்பார்ட்மென்ட் ஒன்றில் இருந்தோம். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஜேர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டுக் கனடா வந்தவர். வரும்போது ஒரு சூட்கேஸும் ஜேர்மன்காரன் மேல் அசைக்க முடியாத பக்தியும் கொண்டுவந்தார்.

வந்த கையோடு ஒஷாவாவில் ஒரு கிழவரிடம் பழைய ஜேர்மன் கார் ஒன்றை வாங்கினார். கடுகு மஞ்சள் நிறம், கூனல் முதுகு. ஊரில் அதை ஆமைக் கார் என்பார்கள். எஞ்சின் பின்னால், சாமான் வைக்கிற டிக்கி முன்னால். ஹீற்றர் என்று ஒன்று இருந்தது… இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காரைப் பற்றிக் கேட்டால் சித்தப்பா கதிரையை இழுத்துப் போட்டுவிடுவார். சர்வாதிகாரி ஒருவன் 'மக்களின் கார்' என்று சொல்லித் தொடங்கியது, காசு கட்டிய தொழிலாளிக்குக் கார் கிடைக்கவேயில்லை, அதற்குள் சண்டை வந்துவிட்டது… சண்டை முடிந்ததும் இங்கிலாந்துக் கார்க் கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாது என்று உதட்டைப் பிதுக்கினார்களாம். பிறகு அதே கார் உலகம் முழுக்க ஓடியதாம். அந்த இடத்தில் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், தானே போல்ட் பூட்டி அனுப்பியவர் மாதிரி இருக்கும்.

எங்கள் சனத்துக்கு அப்போது ஜப்பான் கார்தான் கார். சித்தப்பாவை 'ஜேர்மன்' என்றே கூப்பிட்டு, இன்றைக்கு ஆமை தலையை வெளியே நீட்டியதா என்று பகிடி பண்ணுவார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். ஆனால் அன்று பின்னேரம் கட்டாயம் காரைக் கழுவுவார்.

தை மாதம் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி கொஞ்சம் பெரிய இடம். அப்பா வெள்ளை லிமோ ஒன்று பிடித்தார். முதல் நாள் சித்தப்பாவைக் கூப்பிட்டு, வீடியோவில் விழும், உன் காரைக் கட்டடத்துப் பார்க்கிங்கில் விடாதே என்றார். சித்தப்பா காரைக் கொண்டுபோய்ப் பக்கத்து பிளாஸாவுக்குப் பின்னால் விட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் கலியாணப் பெண் வாய் திறக்கிற காலமா அது?

விடிய எழும்பிப் பார்த்தால் ஒரே பனி. மார்க்கம் றோட்டே தெரியவில்லை. தாலி கட்டும் நேரம் பத்தரைக்குள்.

லிமோ வந்தது. நானும் ஏறி இருந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எதை விட்டாலும் இதை விடமாட்டார்களே… நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், எலுமிச்சங்காய்தான். ஃபிரிட்ஜில் இடமில்லை என்று அம்மா இரவு முழுக்க அதை பல்கனியில் வைத்திருந்தா. கல்லாக உறைந்து போயிருந்தது. டிரைவர் அக்சிலேற்றரை அமத்துகிறார், சில்லு சுத்துகிறது, தேசிக்காய் நசியவில்லை. நல்ல சகுனம் நசியும்வரை வழுக்கிக்கொண்டே நிற்கிறோம். கடைசியில் அந்த நீளக் கார் குறுக்கே சறுக்கி, பார்க்கிங் வாசலை அடைத்துக்கொண்டு பனிக்குள் புதைந்தது. உள்ளே நின்ற அத்தனை ஜப்பான் கார்களும் சிறைப்பட்டன.

டாக்சிக்கு போன் பண்ணினால் ஒருவரும் எடுக்கவில்லை. அம்மா அழத் தொடங்கினா. அப்பா பட்டு வேட்டியோடு பனிக்குள் நின்றார், என் அப்பா அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளியே நின்ற கார் ஒன்றே ஒன்றுதான். ஒளித்து வைக்கச் சொன்ன கார்.

"அண்ணை, பிள்ளையை நான் கொண்டு போறன்," என்றார் சித்தப்பா.

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"கொண்டு வாடா உன்ர ஆமையை."

தூரத்தில் கேட்டது அந்தச் சத்தம்… தையல் மெசின் தடதடப்பது போல. எஞ்சினின் பாரம் பின் சில்லில் இருந்ததால் அது பனியைக் கவ்விக்கொண்டு வந்தது. தேசிக்காய் வைக்க ஒருவருக்கும் நினைவில்லை. முன்னால் நான் மாலையோடு. பின்னால் அம்மா, பக்கத்தில் ஆலாத்தித் தட்டை மடியில் வைத்தபடி அப்பா. முன் கண்ணாடி உள்பக்கமாக உறைய உறைய, பின்னாலிருந்து எட்டி பாங்க் கார்டால் சுரண்டிக்கொண்டே வந்தது அப்பாதான். வழியெல்லாம் புத்தம் புதுக் கார்கள் ஓரத்தில் மூக்குக் குத்தி நின்றன. சித்தப்பா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது, குளிரோ பெருமையோ தெரியாது.

மண்டப வாசலில் ஆமை போய் நின்றது. மாப்பிள்ளையே வெளியே வந்து கை தட்டினார். அதோடு முழு மண்டபமும் தட்டியது. மேளகாரர் கேட்காமலே கெட்டிமேளம் அடித்தார்கள். நேரத்துக்குத் தாலி ஏறியது.

என் கலியாண வீடியோ அந்த மஞ்சள் காரில்தான் தொடங்கும். மூன்று வருஷம் கழித்து, ஆடிக்குப் பிறகு நல்ல வெயிலில் தம்பிக்குக் கலியாணம். பனி ஒரு துளி இல்லை. அப்பாவே போன் எடுத்து, "காரைக் கழுவிக்கொண்டு வா, வாசலில விடு," என்றார். அன்று சித்தப்பா அழுததை நான் கண்டேன்.

பனிக்கு றோட்டில் கொட்டுகிற உப்பில் அரித்து ஆமை எப்பவோ போய்விட்டது. அதன் சில்லு மூடி ஒன்று எங்கள் ஹோலில், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இப்போது மகள் அதே கம்பனிக் கார்தான் வைத்திருக்கிறாள். சீற் சுடும், கண்ணாடி தானே உருகும், ஒரு குறையும் இல்லை. போன கிழமை பனி கொட்டக் கொட்ட என்னை ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோய் வாசலில் இறக்கினாள்.

இறங்கி, பழக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை.