வாசலுக்குத் தொப்பி, கொல்லைக்கு டாலர்

பெரியவள் அவளைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டது மாமியார் வாயால். "சின்னவனுக்குக் கம்ப்யூட்டர்க்காரி அமைஞ்சிருக்கா. உன்னை மாதிரி இல்ல, பெரிய படிப்பு." அந்த 'உன்னை மாதிரி இல்ல' தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கியது. இன்றுவரை இறங்கவில்லை.

ஓரகத்தியாக வந்தவள் ஒல்லிக்குச்சி. வேலை முழுதும் சாப்பாட்டு மேசையில்தான். யோசனை வந்தால் கரண்டியால் தலையைச் சொறிவாள். அதே கரண்டியால் காப்பி கலக்குவாள். திரையோடு பேசுவாள். "ஏன்டா அடம் பிடிக்கிற? நேத்து நல்லாத்தானே இருந்த?" கட்டின புருஷனிடம் இத்தனை வார்த்தை கிடையாது.

பெரியவளுக்கு மருத்துவமனையில் முன்மேசை உத்தியோகம், பதினான்கு வருஷமாக. நோயாளி போன் நம்பரைச் சொல்லும்போதே ஓர் எண் குறைந்தால் அவள் காது பிடித்துவிடும். பெரிய மாமா முதல் ஒன்றுவிட்ட அத்தையின் மருமகன் வரை சொந்தத்தில் யார் நம்பரும் பார்க்காமல் சொல்லுவாள். அந்த மருத்துவமனைக்கு, நோயாளிகள் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளும் இணையப் பக்கத்தை எழுதும் வேலை சின்னவள் கைக்குப் போனது.

"நம்பர் சரியான்னு இனி இந்த ஒரு வரி பாத்துக்கும்கா." காட்டினாள். கோழி கிளறிய மாதிரி அடைப்பும் குறியுமாய் ஒரு வரி. "முதல்ல நிக்கிற இந்தத் தொப்பிக்குறி வாசல், கடைசியில டாலர்குறி கொல்லை. நடுவுல பத்தே பத்து எண்ணு. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் உள்ள விடாது."

பதினான்கு வருஷத்துக் காதை ஒரு வரியில் அடக்கிவிட்டாளே! பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

பக்கம் திறந்த அன்றே அந்த வரி பாதிப் பேரை வாசலோடு விரட்டியது. "என் நம்பரே தப்புன்னு சொல்லுதும்மா!" என்று ஒரு கிழவர் முன்மேசையில் வந்து கத்தினார். ஏன் என்று பெரியவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று மருத்துவமனையை நடத்தும் டாக்டர் சொல்லியிருந்ததும் தெரியும். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் போன் ஓயாமல் துடித்தது. 'உங்கள் பதிவு உறுதி.' முப்பத்தேழு செய்தி. எல்லாவற்றிலும் நோயாளி பெயர் 'சோதனை'. வீட்டுக்கு வந்ததும் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"கேலி பண்ண என் நம்பர்தான் கெடச்சுதா?"

"ஐயோ, இல்லக்கா. போட்டுப் பாக்க ஒரு நம்பர் வேணும். எனக்கு மனசுல நிக்கிறது உங்களது ஒண்ணுதான். நான் போட்டா மட்டும் ஒழுங்கா உள்ள விடுது, பாருங்க!"

"ஏன், புருஷன் நம்பர்?"

"போன்ல அவர் பேரை அமுக்கினாப் போதுமே. எந்தப் படிவத்துல அவசரத்துக்கு யாருன்னு கேட்டாலும் உங்க நம்பரைத்தான் எழுதுறேன். எழுதி எழுதிப் பதிஞ்சுடுச்சு."

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோடி. எவனும் ஒரே மூச்சுல நம்பர் சொல்ல மாட்டான். மூணு சொல்லி நிறுத்துவான், அஞ்சு சொல்லி நிறுத்துவான். எழுதுறப்பவும் அப்படியே எடம் விட்டுத்தான் எழுதுவான். நடுவுல கோடு போடுறவன் உண்டு, முன்னால கூட்டல்குறியோட தொண்ணூத்தொண்ணையும் சேக்குறவன் உண்டு. அதையெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு அப்புறம் எண்ணச் சொல்லு உன் தொப்பியை."

வெள்ளிக்கிழமை வாசல் யாரையும் விரட்டவில்லை. டாக்டர் சின்னவளைப் பாராட்டினார். "அக்காதான் சார் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள் அவள். "அடக்கமான பொண்ணு!" என்று டாக்டர் அதற்கும் அவளையே மெச்சினார். பெரியவளுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் கூடவே எரிந்தது.

சின்னவள் இப்போது அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், தனி அறையில் வேலை பார்க்கிறாள். கீழே முன்மேசையில் பெரியவள் போன் நாளைக்கு நாலு தரமாவது துடிக்கும்: 'சோதனை.' எடுத்துப் பார்ப்பாள். மேல்மாடிப் பக்கம் உதட்டைச் சுழிப்பாள். அழிக்காமல் கவிழ்த்து வைப்பாள்.