படம் ஓடினால்தான் வாய் திறக்கும்

தை மாதம் முழுக்க என் மகளுக்கு வியாழக்கிழமைகளில் வயிற்றுவலி.

மத்தியானம் போல் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வரும். நான் புவாண்ட்-கிளேரில் வேர்ஹவுஸ் வேலையைப் பாதியில் விட்டு ஓடிப்போய்க் கூட்டி வருவேன். வீட்டுக்கு வந்ததும் சாமித் தட்டுக்கு முன்னால் இருத்தி, தேவாரம் ஒன்று பாடி, வயிற்றில் திருநீறு பூசிவிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் வலி இருக்காது. நான்கு வியாழன்... நான்கு தடவையும் சுகம். திருநீற்றின் மகிமையைப் பற்றி வேலையிடத்தில் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

ஐந்தாவது வியாழன் வகுப்பு ரீச்சர் சொன்னார் – வியாழக்கிழமைதான் ஜிம் வகுப்பு.

திருநீற்றில் குறை இல்லை. வலிதான் வேறிடத்தில் இருந்திருக்கிறது.

அபிக்குப் பத்து வயது. ஜிம்மில் மற்றப் பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டு, சுவரோரம் நின்று இவளுக்காகக் காத்திருப்பார்களாம். யாரும் சிரிப்பதில்லை, பட்டம் சொல்வதில்லை. காத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் திருநீறு பூசியிருப்பேன்.

டொக்டரிடம் கொண்டுபோனோம். நிறை பார்த்தார், இரத்தம் எடுத்தார். சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். எனக்கு நாற்பது வயதில் வந்த சீனி வருத்தம் இவளுக்குப் பதினைந்திலேயே வந்துவிடலாமாம். மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் பார்ப்பதாகச் சொல்லி, அதற்குள் ஒரு நியூட்ரிஷனிஸ்டைப் பார்க்கச் சொன்னார்.

இந்த ஊரில் எல்லாம் பிரெஞ்சில்தான். என்னுடைய பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே எங்கே போனாலும் அபிதான் மொழிபெயர்ப்பாளர். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? அரசாங்கக் கடிதம், வீட்டுக்காரர், டொக்டர் – எல்லாவற்றுக்கும் பிள்ளையின் வாய்தான். ஆனால் தன் உடம்பைப் பற்றி ஒருவர் சொல்வதைத் தானே தகப்பனுக்குச் சொல்ல வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நியூட்ரிஷனிஸ்டின் அறையில், கதிரையில் இருந்த பிறகுதான் அதை யோசித்தேன்.

நியூட்ரிஷனிஸ்ட் ஓர் இளம் பெண். மெதுவான குரல். இரண்டு நிமிடம் விடாமல் கதைத்தார். நான் அபியைப் பார்த்தேன்.

"நான் நல்லா வளருறனாம்."

"இவ்வளவு நேரமும் அதையே சொன்னவா?"

"ஓம்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வளைந்து வளைந்து மேலே போகிற கோடுகள். பிள்ளைகள் அந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டுமாம். என் பிள்ளையின் புள்ளி எல்லாக் கோட்டுக்கும் மேலே தனியாக நின்றது. புள்ளிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவருக்கும் விளங்கிவிட்டது போல. என்னுடைய ஆங்கிலத்துக்கு ஏற்ற ஆங்கிலத்துக்கு மாறினார். என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடும்போது ஸ்கிரீன் இருக்குமா என்று கேட்டார். ஐபேட் இருக்கும் என்றேன். யார் பரிமாறுவது? பரிமாறுவதில்லை, நான்தான் தீத்திவிடுவேன் – பெருமையாகத்தான் சொன்னேன். அதற்கு ஆங்கிலம் வராததால் சோறு குழைத்து உருட்டி வாயில் வைப்பது போலக் கையால் செய்து காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். அபியைப் பார்த்தார். வேறு ஏதும் சின்னக் குழந்தை இருக்கிறதா என்பது போல அறையையும் ஒரு தரம் பார்த்தார்.

பிள்ளைக்கு வயிறு நிரம்பிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

தட்டு முடிந்தால் தெரியும் என்றேன். அதில் என்ன சந்தேகம்?

அதே கேள்வியை அபியிடம் பிரெஞ்சில் கேட்டார். அபி ஒரே வரியில் பதில் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"வீடியோ முடிஞ்சால் எண்டு சொன்னனான்."

இந்த முறை சரியாக மொழிபெயர்த்திருந்தாள்.

இது எங்கே தொடங்கியது? அபி நிறை குறைந்து பிறந்தவள். ஒரு வயதில் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கி மூடுவாள். மனைவிக்கு பேக்கரியில் பின்னேர வேலை என்பதால் தீத்துவது என் பொறுப்பு. முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். அதே கிழமை தற்செயலாக ஃபோனில் ஒரு கரடி ஆடுகிற படத்தைப் போட்டேன். வாய் திறந்தது. நான் முருகனுக்குப் பாற்காவடி எடுத்தேன். ஃபோனை யாரும் சந்தேகிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது வருடம். வாயைத் திற என்று சொல்லவே தேவையில்லை. படம் ஓடினால் வாய் தானாகத் திறக்கும். இப்போது அவள் பார்ப்பது, ஒரு பிள்ளை மேசை நிறையச் சாப்பாட்டை வைத்துச் சாப்பிடுகிற வீடியோ. அந்தப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு என் பிள்ளை சாப்பிடும். நானும் சும்மா இருப்பதில்லை. வலது கையில் சோறு, இடது கையில் என் ஃபோன். எங்கேயாவது ஒரு கோயிலில் திருவிழா நேரலை போய்க்கொண்டுதானே இருக்கும்? சாமி பார்ப்பது ஸ்கிரீன் கணக்கில் வராது என்பது என் எண்ணமாக இருந்தது.

நாலு கவளம் கூடப் போனால் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் மட்டும்தானா? தையில் லவாலில் ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். பேஸ்மென்டில் பதின்மூன்று பிள்ளைகள்... ஒரு சத்தம் இல்லை. ஆளுக்கொரு ஸ்கிரீன். தாய்மார் ரோல்ஸைக் கொண்டுபோய்க் கையில் வைக்க, அது கண்ணுக்குத் தெரியாமலே வாய்க்குப் போனது. மேலே நாங்கள், பிள்ளைகள் என்ன அமைதி என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். மைனஸ் இருபதில் வெளியே போய் விளையாடு என்று எப்படிச் சொல்வது? சரிதான். ஆனால் ஆடி மாதத்து வெயிலிலும் அதே வீட்டு பேஸ்மென்டில் அதே பதின்மூன்று பிள்ளைகளும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். குளிரின் மேல் பழியைப் போட்டால் அது திருப்பிக் கதைக்காது, அவ்வளவுதான்.

நியூட்ரிஷனிஸ்ட் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி இருப்பவன் நான். பட்டினி என்றால் பழகிய விஷயம். அவர் சொன்னதோ வேறு. சாப்பாட்டு மேசையில் யாருக்கும் ஸ்கிரீன் இல்லை – ‘யாருக்கும்’ என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார். பிள்ளை தன் கையால் சாப்பிட வேண்டும். நான் எதிரே இருந்து என் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் இருபது நிமிடம் நடக்க வேண்டும்.

முதல் நாள் இரண்டு ஸ்கிரீனையும் சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே அவள் கை வைக்க மாட்டாள். நானும் வைக்க மாட்டேன்.

எதிரெதிரே இருந்தோம். ஃப்ரிட்ஜ் இரைகிற சத்தம் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அபி சோற்றை விரலால் அளைந்தாள். பசிக்கவில்லை என்றாள். பிறகு அழுதாள். என் வலது கை தானாக அவள் தட்டுக்குப் போனது. பிடித்து இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்தேன். நானும் சாப்பிட வேண்டும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

மனைவி வேலையால் வந்து பாதித் தட்டு மிஞ்சியிருப்பதைப் பார்த்தார்.

"நீங்கள் சஷ்டி பிடிக்கிறதெண்டால் தனியாப் பிடியுங்கோ. ஏன் பிள்ளையையும் சேக்கிறியள்?"

பிள்ளை பட்டினி கிடந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான்.

நாலாம் நாள் ஒரு புதினம் நடந்தது. அபி கத்தரிக்காய் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். நின்று யோசித்தாள். தனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்றாள். ஒன்பது வருடம் சாப்பிட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள்.

பிறகு கேட்டாள்:

"அப்பா, நீங்கள் வேலையில என்ன செய்யிறனீங்கள்?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் என்றேன். உண்மையாகவா என்று கேட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் முகத்துக்கு நேரே இருந்து தீத்திவிட்டவன் என்ன வேலை செய்கிறான் என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் அல்லவா இருந்தோம்?

நான் ஜிம்மைப் பற்றிக் கேட்டேன்.

"நான் வரும் வரைக்கும் நிப்பினம் அப்பா. ஒண்டும் சொல்லமாட்டினம். பாத்துக்கொண்டு நிப்பினம்."

இந்த முறை நான் திருநீறு பூச எழும்பவில்லை. இருந்தேன். அன்றைக்கு நடக்கப் போனபோது மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான். யார் யாருக்காக நின்றோம் என்று சொல்ல முடியாது.

போன வெள்ளிக்கிழமை. சோறு, பருப்பு, கீரை, அப்பளம். மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். தட்டில் மூன்று வாய்ச் சோறு இருந்தது.

"காணும் அப்பா. வயிறு நிரம்பிட்டுது."

பத்து வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. நியூட்ரிஷனிஸ்ட் எதிர்பார்த்ததும் அதைத்தான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தட்டில் மூன்று வாய் இருக்கிறதே? ஒரு தகப்பனின் கண் வேறு எதைப் பார்க்கும்? இந்த மாதிரி நேரத்தில் நான் சாமியைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கம். சாமியின் பேரைச் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். ஒரு கவளத்தை உருட்டிக் கையில் எடுத்தேன்.

"பிள்ளையாருக்கு ஒரு வாய், அபி."

அவளுக்குக் கோபம் வரவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளையாருக்கு நீங்கள் வேறயா வையுங்கோ அப்பா. என்ர வயித்துக்குள்ள வைக்காதேங்கோ."

எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு, நடக்கப் போவதற்குச் சப்பாத்தைப் போடத் தொடங்கினாள்.

முப்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிறேன். படைப்பது வேறு, திணிப்பது வேறு என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இரத்தம் பார்க்க இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. முடிவு எப்படி வரும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எது வந்தாலும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் மகளுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு இன்னும் தெரியவில்லை – அவள் விட்ட மூன்று வாயையும் நான்தான் சாப்பிட்டேன்.